ஆய்வேட்டுக்கு எந்த அணுகுமுறையை எடுப்பது? கபிலரின் ஐந்து அடிகளை வைத்து ஒரு பதில்

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். முதுகலைத் தமிழ் இரண்டாம் ஆண்டு படிக்கிறீர்கள். குறுந்தொகையில் கபிலர் பாடல்கள் என்று தலைப்புப் பதிவு செய்துவிட்டீர்கள். நெறியாளர் "உங்கள் அணுகுமுறை என்ன?" என்று கேட்கிறார். பெண்ணியம், மார்க்சியம், அமைப்பியல், உளவியல் இவற்றில் எதை எடுத்தால் எளிது, எதற்கு மதிப்பு அதிகம் என்பது உங்கள் முதல் கேள்வி. ஆய்வு நடை எப்படி இருக்க வேண்டும், எத்தனை மேற்கோள் வேண்டும் என்பது அடுத்தது. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் விதத்தைப் பார்த்தால் சிக்கல் இதற்கும் அடியில் இருக்கிறது. பாடல்களைப் படித்திருக்கிறீர்கள், பிடித்தும் இருக்கிறது. எழுத உட்கார்ந்தால் உரைகாரர் சொன்னதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லாதது போல ஒரு வெறுமை. அந்த வெறுமையை ஒரு கோட்பாட்டின் பெயர் நிரப்பிவிடும் என்று நம்புகிறீர்கள்.

பல ஆண்டுகள் சங்க இலக்கியம் பாடம் நடத்தி, ஆய்வேடுகளை நெறிப்படுத்தியும் மதிப்பிட்டும் வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பெயர் எதையும் நிரப்பாது. அணுகுமுறை என்பது பனுவலிடம் நாம் கேட்கும் ஒரு வகைக் கேள்வி. அந்தக் கேள்விக்குப் பாடல் "ஆமாம்" என்றும் சொல்லலாம், "இல்லை" என்றும் சொல்லலாம் என்ற நிலை இருந்தால்தான் அது ஆய்வு. எந்தப் பாடலைக் கொடுத்தாலும் ஒரே விடையைத் தருகிற அணுகுமுறையால் பாடலைப் பற்றி எதுவும் தெரிந்துகொள்ள முடியாது. ஆகவே எது உயர்ந்தது என்ற கேள்வியைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைத்துவிட்டு, ஒரே ஒரு பாடலை எடுத்துக்கொள்வோம். உங்கள் தலைப்புக்குள்ளேயே இருக்கிற பாடல், குறுந்தொகை 25:

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே.

எளிய தமிழில்: அங்கே யாரும் இல்லை, அந்தக் கள்வன் மட்டும்தான்; அவனே பொய்த்தால் நான் என்ன செய்வேன்? அவன் என்னைக் கூடிய நாளில், தினைத்தாள் போன்ற சிறிய பசுங்கால் கொண்டு, ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்க்கும் குருகு என்ற நீர்ப்பறவையும் இருந்தது. அச்சில் பாடலோடு மூன்று செய்திகள் சேர்ந்து வரும்: திணை குறிஞ்சி, பாடியவர் கபிலர், "வரைவு நீட்டித்தவிடத்துத் தலைமகள் தோழிக்குச் சொல்லியது" (திருமணம் தள்ளிப்போனபோது தலைவி தோழியிடம் சொன்னது) என்ற கூற்று, அதாவது யார் யாரிடம் எப்போது சொன்னது என்ற குறிப்பு. முதலில் இந்த மூன்றையும் ஒரு தாளால் மறைத்துவிடுங்கள். கேம்பிரிட்ஜில் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் தம் மாணவர்களிடம் கவிஞர் பெயரும் காலமும் இல்லாமல் கவிதைகளைக் கொடுத்துக் கருத்து எழுதச் சொன்னார்; அந்த விடைகளை ஆராய்ந்து 1929இல் நூலாக வெளியிட்டார். நல்ல படிப்பாளிகளே சொற்களைச் சரியாகப் பார்க்காமல், முன்பே மனத்தில் இருந்த கருத்தைக் கவிதை மேல் ஏற்றிவைத்திருந்தது அதில் தெரியவந்தது. சங்கப் பாடலைப் படிக்கும்போது நமக்கு நேர்வதும் இதேதான். கூற்றைப் படித்த உடனே பாடல் புரிந்துவிட்டது என்று நினைத்து அடுத்த பாடலுக்குப் போய்விடுகிறோம். கூற்று பாடலின் பகுதி அன்று. பாடலைத் தொகுத்தவர்களோ பின்வந்தவர்களோ சேர்த்த விளக்கம் அது என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. மிகப் பழைய விளக்கம் என்பதால் மதிக்கத்தக்கது. ஆனாலும் அது பாடலைப் படித்த ஒருவரின் வாசிப்பு.

மறைத்துவிட்டுப் படித்தால் என்ன இருக்கிறது? முதலடியில் "யாரும் இல்லை" என்று ஒருத்தி கதவைச் சாத்துகிறாள். கடைசி அடியில் "குருகும் உண்டு" என்று அவளே அதைத் திறக்கிறாள். ஐந்தடிப் பாடலில் கிட்டத்தட்ட பாதி, பேச முடியாத ஒரு பறவைக்குப் போயிருக்கிறது. அதன் கால் சிறியது, பசுமையானது, தினைத்தாள் போன்றது; அது ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவனுக்கோ ஒரு அடைமொழிகூட இல்லை. "தான்" என்று மூன்று முறை சுட்டப்படுகிறான், ஒரு முறை "கள்வன்" எனப்படுகிறான், அவ்வளவுதான். அந்த நாளில் அவள் கண் எங்கே இருந்தது என்பதை இந்த அளவே சொல்லிவிடுகிறது. குருகு மீனைப் பார்த்தது, அவள் குருகைப் பார்த்தாள், அவளை யாரும் பார்க்கவில்லை. இவ்வளவும் எந்தக் கோட்பாட்டு நூலையும் திறக்காமல், ஐந்து அடிகளிலிருந்தே எடுத்தது. யார் வேண்டுமானாலும் பாடலைப் பார்த்து இதைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். "பொய்ப்பின்" என்கிறாள். பொய்த்தால் என்றுதான் பொருள். அவன் இன்னும் பொய் சொல்லவில்லை. கூற்றை மறைத்திருந்த தாளை இப்போது எடுத்துப் பார்த்தால், அதுவும் திருமணம் தள்ளிப்போகிறது என்கிறதே தவிர அவன் கைவிட்டான் என்று சொல்லவில்லை. இந்தப் பாடலைப் பற்றி மாணவர்கள் எழுதும் பத்திகளில் பெரும்பாலும் அவன் "ஏமாற்றிய தலைவன்" ஆகிவிடுகிறான். பாடலில் அப்படி இல்லை. ஏமாற்றப்படுவோமோ என்ற அச்சத்துக்கும் ஏமாற்றப்பட்ட நிலைக்கும் உள்ள தூரத்தில்தான் இந்தப் பாடலே நிற்கிறது.

இப்போது அணுகுமுறைகளுக்கு வருவோம். மேலே செய்தது ஏறக்குறைய அமெரிக்கப் புதுத்திறனாய்வாளர்கள் செய்தது: பனுவலுக்குள்ளேயே நின்று, முரண்களையும் சொற்களின் வேலையையும் பார்ப்பது. ஆசிரியரின் நோக்கத்தைக் கவிதைக்கு அளவுகோலாக வைக்கக் கூடாது என்று விம்சாட், பியர்ட்ஸ்லி இருவரும் 1946இல் எழுதிய கட்டுரை இந்த வழிக்கு அடித்தளம். தமிழில் 1959இல் தொடங்கிய 'எழுத்து' இதழில் சி.சு. செல்லப்பா வளர்த்த அலசல் விமர்சனத்துக்கும் இதற்கும் உறவு உண்டு. இதன் பலம், பாடலை விட்டு ஓடவிடாது. இதன் குறை, பாடலுக்கு வெளியே ஓர் ஊர் இருந்தது, அந்த ஊருக்கு வழக்கங்கள் இருந்தன என்பதைச் சொல்ல இதனிடம் கருவி இல்லை.

நம் மரபின் திணைக் கோட்பாடு வேறொன்றைக் கேட்கும். தினை குறிஞ்சிக்கு உரியது. நீர்நிலையில் மீன் பார்க்கும் குருகை நாம் வழக்கமாகச் சந்திப்பது மருதத்திலும் நெய்தலிலும். குறிஞ்சிப் பாடலுக்குள் இது எப்படி வந்தது? எந்த நிலத்துப் பூவும் புள்ளும் தமக்குரிய நிலத்தோடும் பொழுதோடும் வராவிட்டாலும், வந்து சேர்ந்த நிலத்தின் பயனையே தரும் என்று தொல்காப்பிய அகத்திணையியல் இதற்கு இடம் கொடுத்திருக்கிறது. விதி இருக்கிறது என்று சொல்லிவிட்டு நகர்ந்தால் அது இலக்கணக் குறிப்பு. கபிலர் குருகின் காலுக்கு உவமையாகத் தினைத்தாளை எடுத்து, நீர்ப்பறவையின் உடம்பிலேயே மலைநிலத்தை ஒட்டிவைத்திருக்கிறார் என்று பார்த்தால் அது திறனாய்வு. மீனையே நோக்கி நிற்கும் குருகு, தன் பயனையே நோக்கிய தலைவனுக்குக் குறிப்பாகிறது என்று உள்ளுறை (மறைபொருள்) கொள்வோர் உண்டு. இரை மேலேயே கண்ணாக இருந்ததால் குருகு சாட்சியாக முடியாது, அவ்வளவே என்று கொள்வோரும் உண்டு. எனக்கு இரண்டாவதுதான் உறுதியானதாகப் படுகிறது; முதலாவது இயலக்கூடியது. தலைவனைக் குருகோடு நேரே இணைக்கும் சொல் பாடலில் இல்லை என்பதால் அதை உறுதி என்று எழுத மாட்டேன்.

சமூகவியல் நோக்கில் வருபவர் வேறு இடத்தில் கை வைப்பார். கூடலுக்குச் சாட்சி இல்லாதது ஏன் இவ்வளவு பெரிய அச்சம்? இதற்கு விடை இந்த ஐந்து அடிகளுக்குள் கிடையாது. பிற பாடல்களுக்குப் போக வேண்டும். அகநானூறு 256இல் ஒரு செய்தி இருக்கிறது. கள்ளூரில் ஓர் இளம்பெண்ணின் நலத்தைக் கவர்ந்த அறனில்லாத ஒருவன், "அறியேன்" என்று பொய்ச்சூள் (பொய்ச் சத்தியம்) உரைத்தான். "அறிகரி கடாஅய்", அதாவது அறிந்த சாட்சிகளை விசாரித்து உண்மை கண்டு, அவன் தலையில் நீறு பெய்தார்கள்; அவையத்தில் பெரிய ஆரவாரம் எழுந்தது. தலைவனைப் பற்றி ஊரில் எழுந்த அலர் (ஊர்ப்பேச்சு) அந்த ஆரவாரத்தைவிடப் பெரிது என்று சொல்வதற்காக இந்த நிகழ்ச்சி ஒப்பாக எடுத்துக்காட்டப்படுகிறது. குறுந்தொகையிலேயே 184ஆம் பாடல், "அறிகரி பொய்த்தல் ஆன்றோர்க் கில்லை" என்று தொடங்குகிறது: தாம் அறிந்ததை மறைத்துப் பொய்ச்சாட்சி சொல்வது சான்றோரிடம் இல்லை. இதைச் சொல்பவன் ஓர் ஆண், தன் நண்பனிடம் சொல்கிறான். தொல்காப்பியக் கற்பியலோ, பொய்யும் வழுவும் தோன்றிய பின்னர்க் கரணம் (திருமணச் சடங்கு) வகுக்கப்பட்டது என்கிறது. இந்த நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் கபிலரின் தலைவி நடுங்குவது ஏன் என்பது வேறு வெளிச்சத்தில் தெரிகிறது. அந்த ஆற்றங்கரையில் ஓர் அறிகரி இருந்திருந்தால் அவள் இந்தப் பாட்டைப் பாடியிருக்கவே வேண்டாம்.

எனக்கு இந்த இடத்தில்தான் ஆய்வின் மகிழ்ச்சியே இருக்கிறது. இங்கேதான் கவனமும் வேண்டும். சாட்சி, மறுப்பு, பொய் ஆகியவை பற்றிய அக்கறை மூன்று பாடல்களிலும் இருக்கிறது என்பது உறுதி, அடிகளைக் காட்டலாம். கபிலரின் தலைவியின் அச்சத்தை ஒருத்தியின் தனி ஐயமாக மட்டும் பார்க்காமல் இந்தப் பொது அக்கறையோடு சேர்த்துப் பார்க்கலாம் என்பது ஏற்கத்தக்க ஊகம். சங்க காலத்தில் எல்லா ஊர்களிலும் இப்படிப்பட்ட வழக்குகளை விசாரிக்க அவையம் இருந்தது என்பது இந்தச் சான்றுகள் தாங்காத முடிவு. அகநானூறு கள்ளூரில் நடந்ததாக ஒன்றைச் சொல்கிறது. பெரிய ஆரவாரமாக அது நினைவில் நின்றதே, அது அன்றாடம் நடப்பதன்று என்பதற்குக் குறிப்பாகவும் இருக்கலாம். கற்பியல் நூற்பாவும் இந்தப் பாடல்களும் ஒரே காலத்தவை என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது. தொல்காப்பியத்தின் காலமும் அதன் அடுக்குகளும் இன்னும் விவாதத்தில் இருப்பவை.

பெண்ணிய அணுகுமுறை இதே பொருளைத் திருப்பிப் போடும். சாட்சி சொல்லும் உரிமை யாருக்கு இருக்கிறது? நடந்ததை அறிந்தவர்கள் இருவர், அவனும் அவளும். பாடலின் முதல் அடி அவளையே சாட்சிக் கணக்கில் சேர்க்கவில்லை. "யாரும் இல்லை, தானே" என்கிறாள். தன் சொல் செல்லாது என்பதை அவளே எடுத்துக்கொண்டுவிட்ட நிலை இது. கூர்மையான வாசிப்பு, பாடலின் அடியே இதற்குச் சான்று. ஆனால் இதிலிருந்து "சங்க காலப் பெண்கள் இப்படி உணர்ந்தார்கள்" என்று தாவ முடியாது. இது கபிலர் என்ற ஆண் புலவர் ஒரு தலைவியின் வாயில் வைத்த பேச்சு, அதுவும் காதலைப் பாடும் அகமரபின் வரையறைக்குள் நின்று. நன்முல்லையார், வெள்ளிவீதியார் முதலிய பெண் புலவர்களின் பாடல்களில் இதே அச்சம் எப்படி வருகிறது என்று ஒப்பிட்டால், அந்தத் தாவலுக்குப் பதில் ஒரு பாலம் கிடைக்கக்கூடும். அள்ளூர் நன்முல்லையாரின் குறுந்தொகை 96இலும் "யானெவன் செய்கோ" வருகிறது. அங்கே அது தோழியின் சொல்லாகத் திருப்பிச் சொல்லப்படுகிறது, தலைவி அதைக் கண்டிக்கிறாள். ஒரே தொடர், எதிரெதிரான இரண்டு மனநிலை.

அந்தத் தொடரைப் பார்த்ததும் இலங்கைத் திறனாய்வாளர் கைலாசபதி நினைவுக்கு வர வேண்டும். கிரேக்க இலக்கிய அறிஞர் ஜார்ஜ் தாம்சனிடம் பர்மிங்காமில் ஆய்வு செய்த அவர், தமிழ் வீரநிலைக் கவிதை பற்றிய ஆங்கில நூலை 1968இல் ஆக்ஸ்போர்டு வெளியீடாகக் கொண்டுவந்தார். திரும்பத் திரும்ப வரும் தொடர்களை வாய்மொழி மரபின் அடையாளமாகப் பார்த்த நூல் அது. அந்த வழியில் போனால் "யானெவன் செய்கோ" ஒரு வாய்பாட்டுத் தொடர் என்று சொல்லத் தோன்றும். இரண்டு பாடல்களை வைத்து அப்படிச் சொல்லக் கூடாது. செய்வதறியாத எவரும் அன்றாடப் பேச்சில் சொல்லக்கூடிய தொடர்தான் அது. தொகை நூல்கள் முழுவதும் தேடி, எந்தச் சூழலில், அடியின் எந்த இடத்தில் வருகிறது என்று பார்த்த பிறகே பேசலாம். சங்கச் சொல்லடைவுகள் இருப்பதால் இந்தத் தேடலுக்கு நீண்ட காலம் ஆகாது.

அமைப்பியல் பற்றி ஒரு வரி போதும்: இல்லை/உண்டு, மனிதர்/பறவை என்ற எதிர்வுகளைப் பட்டியல் போட்டுவிட்டு நிறுத்துவதாக இருந்தால் அதை எடுக்காதீர்கள். உளப்பகுப்பாய்வு என் பயிற்சிக்கு வெளியே இருப்பது. அதில் தேர்ந்தவர் ஒருவர் துறையில் இருந்தால் அவரைக் கேளுங்கள்.

நெறியாளரின் கேள்விக்கு என்ன விடை சொல்வது? "கபிலரின் குறுந்தொகைப் பாடல்களில் தலைவனின் சொல்லுக்கு உறுதி சொல்பவர் யார்?" என்று ஒரு கேள்வியைக் கொண்டுபோங்கள். தோழியா, இயற்கையா, தெய்வமா, ஒருவரும் இல்லையா? ஒவ்வொரு பாடலுக்கும் ஒரு வரி எழுதிப் பாருங்கள். விடையில் ஓர் ஒழுங்கு தெரிந்தால், அதை விளக்க எந்த அணுகுமுறை உதவுகிறது என்பது தானாக வெளிப்படும். ஒழுங்கு தெரியாவிட்டால் கேள்வியை மாற்றுங்கள். தலைப்புப் பதிவு செய்யும்போதே முடிவையும் எழுதிவைத்துவிடுகிற பழக்கம் நம் துறைகளில் உண்டு. "கருதுகோள் மெய்ப்பிக்கப்பட்டது" என்று முடியாத ஆய்வேட்டைப் பார்ப்பதே அரிது. மெய்ப்பிக்கப்படாத கருதுகோளும் நல்ல ஆய்வுதான். எங்கே, ஏன் பொருந்தவில்லை என்று காட்டினால் போதும்.

இனி நடை. மாதிரிக்கு ஒரு பத்தி: "சங்க காலத்தில் பெண்கள் ஆணாதிக்கத்தால் பெரிதும் பாதிக்கப்பட்டனர் என்பது கபிலரின் இப்பாடல்வழிப் புலனாகிறது. தலைவன் ஏமாற்றுபவனாகவும் தலைவி ஏமாற்றப்படுபவளாகவும் காட்டப்பட்டுள்ளமை ஈண்டு நோக்கத்தக்கது." இலக்கணப் பிழை இல்லை, ஆய்வேட்டு மணமும் இருக்கிறது. ஆனால் இரண்டு வாக்கியங்களில் ஒன்றைக்கூடப் பாடலில் சரிபார்க்க முடியாது. "புலனாகிறது" யாருக்கு? எந்த அடியிலிருந்து? அதே இடத்தில் இப்படி எழுதிப் பாருங்கள்: "குறுந்தொகை 25இல் தலைவன் பொய்த்துவிட்டான் என்று தலைவி கூறவில்லை, 'பொய்ப்பின்' என்றே கூறுகிறாள். அவள் அச்சத்துக்குக் காரணம் கூடலுக்குச் சாட்சி இல்லாமை. சாட்சி பற்றிய அக்கறை குறுந்தொகை 184, அகநானூறு 256 ஆகிய பாடல்களிலும் உள்ளது. எனவே இந்த அச்சத்தை மறுக்கப்படக்கூடிய உறவு குறித்த பொது அக்கறையோடு சேர்த்துக் காணலாம் எனக் கருதுகிறேன். ஆயினும் அகநானூற்றுப் பாடல் ஓர் ஊரின் நிகழ்வையே சொல்கிறது." முதலில் பாடலில் உள்ளது, பிறகு அதற்குத் துணை, பிறகு என் முடிவு, கடைசியில் அந்த முடிவின் எல்லை. எங்கே பாடல் பேசுகிறது, எங்கே நான் பேசுகிறேன் என்பது வாசிப்பவருக்குக் கலங்காமல் தெரிகிறது. "கருதுகிறேன்" என்று தன்மையில் எழுதலாமா என்று கேட்பீர்கள். சில துறைகளில் "இவ்வாய்வு கருதுகிறது" என்றே எழுத வேண்டும் என்பார்கள். அப்படியானால் அப்படியே எழுதுங்கள். "கருதப்படுகிறது" மட்டும் வேண்டாம். கருதுபவர் யார் என்று அது மறைத்துவிடும்.

முன் ஆய்வுகளைப் பற்றிய பகுதியில்தான் நம் மாணவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். "இன்னார் இப்படிக் கூறுகிறார், இன்னார் இப்படிக் கூறுகிறார்" என்று வரிசையாக அடுக்கிவிட்டு அடுத்த இயலுக்குப் போய்விடுகிறார்கள். நன்னூல் பாயிரத்தில் எழுவகை மதம் என்று ஒரு நூற்பா இருக்கிறது. உடன்படல், மறுத்தல், பிறர் மதத்தை மேற்கொண்டு பின் களைதல், தானே ஒன்றை நாட்டி நிறுவுதல், இருவர் மாறுபட்ட இடத்தில் ஒன்றைத் துணிதல், பிறர் நூலின் குற்றம் காட்டல், பிறரோடு படாமல் தன் மதம் கொளல். பிறர் ஆய்வை எப்படிக் கையாள வேண்டும் என்பதற்கு இதைவிடச் செறிவான வழிகாட்டியை நான் பார்த்ததில்லை. நீங்கள் குறிப்பிடும் ஒவ்வொரு ஆய்வாளரையும் இந்த ஏழில் எதற்காக அழைக்கிறீர்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்றுக்கும் இல்லை என்றால் அந்தப் பெயர் அங்கே வேண்டாம். பரிமேலழகர் பல இடங்களில் "என்று உரைப்பாரும் உளர்" என்று பிறர் உரையைச் சொல்லி, அது ஏன் பொருந்தாது என்பதையும் சொல்வார். மாற்றுக் கருத்தை முழுமையாக எடுத்துவைத்து மறுக்கும் பண்பு நமக்குப் புதிதன்று. அதே பாயிரம் சொல்லும் பத்துக் குற்றங்களில் மற்றொன்று விரித்தலும் சென்று தேய்ந்து இறுதலும் ஆய்வேடுகளுக்கென்றே சொன்னவை போல இருக்கின்றன. முதல் இயலில் கபிலர் வரலாறு, பறம்பு மலை, பாரி என்று அறுபது பக்கம் விரித்து, பாடல்களுக்கு வரும்போது மூச்சு வாங்கி நிற்கும் ஏடுகள் எத்தனையோ. இந்தக் கேள்விக்குப் பாரி தேவையா என்று பாருங்கள். தேவையில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

எத்தனை மேற்கோள் என்பதற்கு எண் கிடையாது. ஒரு சோதனை உண்டு: மேற்கோளை எடுத்துவிட்டால் உங்கள் வாதம் விழுமா? விழும் என்றால் அது இருக்க வேண்டும், அதன் கீழே அந்த மேற்கோளில் எந்தச் சொல் உங்களுக்கு வேலை செய்கிறது என்றும் எழுத வேண்டும். பாடலை முழுதாகக் கொடுத்துவிட்டு, "என்ற பாடல் இதனை விளக்கும்" என்று நகர்ந்தால் விளக்க வேண்டிய வேலை வாசகர் தலையில் விழுகிறது.

மூலத்தை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பது சிறு விஷயம் போலத் தோன்றும், ஆனால் வாய்மொழித் தேர்வில் முதலில் கேட்கப்படுவது அதுதான். குறுந்தொகையை 1915இல் சௌரிப்பெருமாள் அரங்கனார் பதிப்பித்தார்; உ.வே. சாமிநாதையரின் பதிப்பு 1937இல் வந்தது. ஏவா வில்டனின் செம்பதிப்பு 2010இல் மூன்று தொகுதிகளாக வந்திருக்கிறது. உ.வே.சா. பதிப்பில் அவர் உரையோடு பாடவேறுபாடுகளும் ஒப்புமைப் பகுதிகளும் இருக்கின்றன. ஒரு சொல்லை நம்பி வாதம் கட்டுவதற்கு முன் அந்தச் சொல்லுக்குப் பாடவேறுபாடு உண்டா என்று பார்ப்பது கட்டாயம். ஒப்புமைப் பகுதியைப் பார்ப்பதும் அப்படித்தான்: நீங்கள் கண்டுபிடித்ததாக நினைக்கும் தொடர்பை அவர் அப்போதே குறித்திருக்கக்கூடும், குறித்திருந்தால் நன்றியோடு சொல்லிவிட்டு மேலே போகலாம். இணையத்தில் உள்ள மூலங்கள் தேடுவதற்கு மிக உதவும். மேற்கோள் காட்டும்போது அச்சுப் பதிப்போடு ஒப்பிட்டுவிட்டு, பாடல் எண்ணையும் அடி எண்ணையும் கொடுங்கள். வெவ்வேறு பதிப்புகளில் பக்க எண் மாறும், பாடல் எண் பெரும்பாலும் மாறாது. உரையாடு செயலிகளிடம் சங்கப் பாடல் மேற்கோள் கேட்டு வாங்கி அப்படியே ஒட்டாதீர்கள். இல்லாத அடிகளைச் சங்க நடையில் ஆக்கித் தருகின்றன, நூற்பெயரையும் எண்ணையும் சேர்த்தே தருகின்றன.

இரண்டாம் கை மேற்கோளும் அதே வகை ஆபத்து. கைலாசபதியின் கருத்தை வேறொருவர் நூலில் படித்தீர்கள் என்றால், அந்த வேறொருவரின் நூலைத்தான் அடிக்குறிப்பில் காட்ட வேண்டும். படிக்காத நூலைத் துணைநூற்பட்டியலில் சேர்ப்பது பொய்க்கரி. பிறர் எழுத்தை எடுத்தாள்வது பற்றிப் பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வெளியிட்ட விதிகளில், ஒற்றுமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. அதற்கு மேல் 40 வரை இருந்தால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய ஏட்டைத் தர முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகும். இதைப் படித்துவிட்டு "அப்படியானால் 9 விழுக்காடு எடுத்துக்கொள்ளலாம்" என்று கணக்குப் போடுபவர்கள் இருக்கிறார்கள். மென்பொருள் எண்ணுவது சொற்களைத்தான். ஆங்கிலக் கட்டுரை ஒன்றின் வாதத்தை அப்படியே தமிழில் எழுதினால் ஒரு விழுக்காடும் காட்டாமல் போகலாம், அதுவும் திருட்டுத்தான். சோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் பிற பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் கிடைக்கின்றன. உங்கள் தலைப்பில் முன்பே என்ன வந்திருக்கிறது என்று அங்கே பாருங்கள். இயல் பகுப்பை அங்கிருந்து எடுக்காதீர்கள்.

எழுதும் வரிசை பற்றி ஒன்று. முன்னுரையிலிருந்து தொடங்காதீர்கள். உங்களுக்கு மிகத் தெளிவாகத் தெரிந்த ஒரு பாடலின் வாசிப்பை மூன்று பக்கம் எழுதுங்கள். 25ஆம் பாடலையே எடுத்துக்கொள்ளலாம், ஆனால் நான் மேலே சொன்னதை மறுத்து எழுதிப் பாருங்கள். குருகு சாட்சி ஆக முடியாது என்றேன். ஆகும் என்று வாதிட முடியுமா? குருகையும் நாரையையும் தூது விடும் பாடல்கள் தொகை நூல்களில் இருக்கின்றன. பறவையிடம் பேசலாம் என்ற மரபு இருக்கும்போது, இந்தத் தலைவி ஏன் குருகிடம் பேசாமல் தோழியிடம் பேசுகிறாள்? இதற்கு என்னிடம் முடிந்த விடை இல்லை. நீங்கள் தேடினால் கிடைக்கலாம். அந்த மூன்று பக்கத்தை நெறியாளரிடம் கொடுத்துவிட்டு அணுகுமுறை பற்றிப் பேசுங்கள். முன்னுரையை எல்லா இயல்களும் முடிந்த பிறகு எழுதினால் போதும்.